யோசுவா கொடுத்த பட்டா

பைபிளில் யோசுவா என்றொரு புத்தகம் இருக்கிறது. அதைக் கடைசிவரை படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், ராயபுரத்தில்கூட அதிகம் கைகள் எழாது. எரிகோ கோட்டைச் சுவர் இடிந்து விழுந்த கதை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு வகுப்பில் பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் 13-ம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிக்கும் பாருங்கள், அசல் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்! இந்தப் பள்ளத்தாக்கு முதல் அந்த மலை வரை, அங்கிருந்து மேற்கே திரும்பி சமுத்திரம் வரை, இன்ன கோத்திரத்துக்கு இத்தனை பட்டணங்கள், அவற்றைச் சேர்ந்த கிராமங்கள்... பக்கம் பக்கமாக நான்கெல்லை. கண் சொருகிவிடும்.

தூக்கத்தை ஜெயித்துப் படித்தவர்களில் இரண்டு கோஷ்டி உண்டு. முதல் கோஷ்டி முரண்பாடு வேட்டைக்காரர்கள். “பாத்தியா, இங்க ஒண்ணு சொல்லுது, அங்க வேற சொல்லுது. மொத்தமும் டூப்பு” என்று துண்டுப் பிரசுரம் அடித்துக் கையில் திணிப்பவர்கள். இரண்டாவது கோஷ்டி, “முரண்பாடே கிடையாது பிரதர், உங்களுக்குத்தான் கண் திறக்கலை” என்று தோளைத் தட்டுபவர்கள்.

எனக்கு இரண்டு கோஷ்டியோடும் சண்டை. ஏன் என்று சொல்வதற்கு முன், முரண்பாடு என்னவென்று பார்த்துவிடுங்கள். சுவாரஸ்யமான சமாசாரம்.

எருசலேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருந்தவர்கள் எபூசியர். யூதா கோத்திரத்தாரால் அவர்களைத் துரத்த முடியவில்லை, இன்றைக்கும் கூடவேதான் இருக்கிறார்கள் என்கிறது யோசுவா 15. அடுத்த புத்தகம் நியாயாதிபதிகள். அதன் முதல் அதிகாரத்தில் கிட்டத்தட்ட அதே வாக்கியம் வருகிறது. ஒரே ஒரு திருத்தம். யூதா இருந்த இடத்தில் பென்யமீன் கோத்திரம். போதாததற்கு, அதே அதிகாரத்தில் சில வரிகளுக்கு முன்னால்தான், யூதா ஆட்கள் எருசலேமைப் பிடித்து ஊரைக் கொளுத்திவிட்டார்கள் என்று செய்தி. கொளுத்திய ஊரில் எபூசியர் எப்படி இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். வெகுகாலம் கழித்து தாவீது ராஜா வரும்போதும் அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவர் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஊர், உரிமை கொண்டாட இரண்டு கோத்திரம், குடியிருப்பதோ மூன்றாம் பார்ட்டி. நம்ம சிவில் கோர்ட்டுக்கு வந்திருந்தால் பேரன் காலம் வரை வாய்தா ஓடியிருக்கும்.

தாண் கோத்திரத்தின் கதை இன்னும் பரிதாபம். பட்டியலில் அவர்களுக்கு ஒதுக்கியது அருமையான இடம். யோப்பாவுக்கு எதிரே கடலோரச் சமவெளி. எக்ரோன் பட்டணம்கூட அவர்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறது. எக்ரோனில் இருந்ததோ பெலிஸ்தர்! நியாயாதிபதிகளைப் புரட்டினால், எமோரியர் தாண் ஆட்களை மலைக்கு நெட்டித் தள்ளிவிட்டார்கள், பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கவே விடவில்லை. கடைசியில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போகிறார்கள். லாயீஸ் என்ற ஊரில் யார் வம்புக்கும் போகாமல் பிழைத்துக்கொண்டிருந்த ஜனங்களை வெட்டிப்போட்டு, ஊரைக் கொளுத்தி, அதன்மேல் புது ஊர் கட்டி, தாண் என்று பெயர் வைக்கிறார்கள். பைபிளின் பின்பக்கத்தில் வண்ண வரைபடம் போட்டிருப்பார்களே, அதில் தாண் என்ற பெயர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. ஒன்று கொடுத்த இடம், மற்றது இருந்த இடம்.

யோர்தானுக்குக் கிழக்கே தீபோன் என்றொரு ஊர். எண்ணாகமம் 32-ல் அதைக் கட்டியவர்கள் காத் கோத்திரத்தார். யோசுவா 13-ல் அது ரூபன் கோத்திரத்தின் பங்கு. இந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு சாட்சி வருகிறார். 1868-ல் அதே தீபோனில், இன்றைய ஜோர்டான் நாட்டின் திபானில், ஒரு கருங்கல் கிடைத்தது. மோவாப் தேசத்து ராஜா மேசா கி.மு. 9-ம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு. இப்போது பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. மேசா இஸ்ரவேலின் எதிரி. அவருக்கு பைபிளைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் கிடையாது. அந்தப் பக்கத்து அதரோத் மண்ணில் பழங்காலம் தொட்டு காத் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்கிறார் அவர். ரூபனைப் பற்றிக் கல்லில் மூச்சே இல்லை. பட்டியலில் ரூபன், தரையில் காத்!

11-ம் அதிகாரத்தில் யோசுவா தேசம் முழுவதையும் பிடித்துவிட்டார். 13 ஆரம்பிக்கும்போது, உனக்கு வயதாகிவிட்டது, பிடிக்க வேண்டிய நிலம் இன்னும் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது என்று ஆண்டவர் சொல்கிறார். 21-ல் மறுபடியும் எல்லாம் கொடுத்தாயிற்று, பாக்கி எதுவும் இல்லை. அதைத் தாண்டி நியாயாதிபதிகளுக்கு வந்தால், துரத்த முடியாத ஊர்களின் நீளமான லிஸ்ட்.

நான் படித்தது பி.காம். அதில் உருப்படியாக மனசில் தங்கிய பாடங்களில் ஒன்று, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். கடைக்காரரின் ரொக்க ஏடு ஒரு தொகை சொல்லும். பேங்க் பாஸ்புக் வேறு தொகை சொல்லும். உடனே “பேங்க் பொய் சொல்லுது” என்று கத்துபவனும் முட்டாள், “ரெண்டும் ஒண்ணுதான், உத்துப் பாரு” என்பவனும் முட்டாள். செக் கொடுத்தாயிற்று, இன்னும் பணமாகவில்லை. வித்தியாசம் அங்கே இருக்கும். ஒவ்வொரு வித்தியாசத்துக்குப் பின்னாலும் நடந்த சங்கதி ஒன்று உண்டு. அதைத் தேடி எழுதுவதுதான் கணக்குப்பிள்ளையின் வேலை.

யோசுவாவின் பட்டியல் கொடுத்த செக். நியாயாதிபதிகளின் முதல் அதிகாரம் எவ்வளவு பணமானது என்ற கணக்கு. செக் புத்தகமும் ஒரே நாளில் எழுதியது இல்லை. யூதாவின் ஊர்ப் பட்டியல் யோசுவா காலத்தது அல்ல, பல நூற்றாண்டு கழித்து கி.மு. 7-ம் நூற்றாண்டில் யோசியா ராஜா காலத்து வரிவசூல் வட்டாரங்கள் என்று வாதாடினார் ஜெர்மன் அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட். காலத்தைப் பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் வெவ்வேறு காலத்துத் தஸ்தாவேஜுகளை ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு கிடையாது.

என்னை அசத்தும் விஷயம் இனிமேல்தான். தைத்தவர்கள் கையில் கத்தரிக்கோலும் இருந்திருக்கும் இல்லையா? “முடியவில்லை, துரத்த முடியவில்லை, இன்றைக்கும் அங்கேயே இருக்கிறார்கள்” என்று சொந்த முன்னோர்களுக்குத் தலைகுனிவான வரிகளை நறுக்கிப் போட்டிருக்கலாம். கணக்கு கச்சிதமாக ‘டாலி’ ஆகியிருக்கும். துண்டுப் பிரசுரக்காரர்களுக்கும் வேலை இருந்திருக்காது. அவர்கள் நறுக்கவில்லை. கொடுத்த பட்டாவையும் வைத்தார்கள், அந்த மண்ணில் வேறு யாரோ குடியிருந்தார்கள் என்ற உண்மையையும் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அந்த எபூசியர், எமோரியர், கேசேர் ஊர்க் கானானியர் எல்லாம் அங்கேயே தங்கியிருந்தது இன்று நமக்குத் தெரிவதில் ‘துரத்த முடியவில்லை’ என்ற வரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. யோசுவாவைப் பட்டாவாக ஆட்டிக்கொண்டு, 1967-க்குப் பிறகு யோர்தான் மேற்குக் கரையில் குடியேறப் போனவர்கள் நியாயாதிபதிகளின் முதல் அதிகாரத்தையும் சத்தமாகப் படித்திருந்தால் தேவலை. போகட்டும், அது பெரிய சண்டை. நம்ம ஊருக்கு வருவோம்.

* * *

இந்தக் கதைக்கு கானான் தேசம் வரை போயிருக்கவே வேண்டாம். பீச் ஸ்டேஷனில் இறங்கி முத்தியால்பேட்டைக்குள் நடந்தால் போதும்.

1707-ல் இங்கே வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் கலவரம். யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதுதான் விவகாரம். கோட்டையில் அப்போது கவர்னர் தாமஸ் பிட். வைர வியாபாரத்தில் கொழுத்த மனிதர். வலங்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். வேலை நின்றால் கும்பினிக்கு நஷ்டமாயிற்றே! பஞ்சாயத்து நடந்து, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துவிட்டார்கள். கோத்திரம் கோத்திரமாக, யோசுவா மாதிரியே.

காகிதத்தில் பிரிந்தது. தரையில்? பேரிச் செட்டியார்கள் இடங்கைப் பக்கம் நின்றவர்கள். அவர்களுடைய கந்தகோட்டம் எங்கே இருக்கிறது? பிராட்வேக்கு மேற்கே, ராசப்ப செட்டித் தெருவில். வலங்கைக்கு என்று எழுதிக் கொடுத்த பக்கத்தில்! முருகன் இடம் மாறவில்லை. 300 வருஷத்துக்குப் பிறகும் கூட்டம் அங்கேதான் போகிறது. கும்பினி ஆவணத்தை மட்டும் வைத்து ஜார்ஜ் டவுன் சரித்திரம் எழுதினால், கந்தகோட்டம் ஒரு ‘முரண்பாடு’ ஆகிவிடும்.

இன்னும் வடக்கே போங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. பழைய வரைபடத்தில் தெருவும் மனையுமாக இருந்த இடங்கள் இன்று அலைக்குள். இந்த முரண்பாட்டுக்கும் காரணம் இருக்கிறது, தேதி இருக்கிறது, கட்டியவர் இருக்கிறார். ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது பேதுரு என்ற மீனவரின் பெயர்தான். அவர் பெயரை வைத்த ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் நிற்க மணல் மிச்சமில்லை.

இனி வருவதுதான் எனக்கு வயிறெரிகிற விஷயம்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை மீனவக் கிராமங்களே முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். இன்றைக்கு உனக்கு இந்தப் பாடு, நாளைக்கு எனக்கு. நல்ல இடம் ஒருத்தன் கையிலேயே தங்கிவிடாது. இதற்குப் பட்டா இல்லை, சிட்டா அடங்கல் இல்லை. தாசில்தார் ஆபீஸில் கேட்டால் “நீர்நிலைப் புறம்போக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். யோசுவாவும் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார். அவருடைய சீட்டு 3,000 வருஷத்துக்குப் பேசப்படுகிறது. மீனவர்களின் சீட்டுக்கு அரசாங்க வரைபடத்தில் ஒரு புள்ளி கிடையாது.

எண்ணூர் கழிமுகம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம். பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கே வந்து சேரும். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற அந்தச் சேற்றில்தான் இறால் வளரும், நண்டு வளரும், மடவைக் குஞ்சு வளரும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று அதைச் சுற்றி வாழ்கிற ஊர்கள். இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள்.

1991-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக்கான கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. கை வைக்கக்கூடாத முதல் வகைப் பகுதியாக இருக்கிறது. பிறகு மாநில அதிகாரிகள் கையில் இன்னொரு வரைபடம். அதில் கழிமுகத்தைக் காணோம்! 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய காகிதங்களை வைத்து, இது மோசடி வரைபடம் என்று சூழல் செயல்பாட்டாளர்கள் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் கமல்ஹாசன் எண்ணூருக்கே போய்ப் பார்த்ததும் இதைத்தான். அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா ‘புறம்போக்கு’ பாட்டைப் பாடியபோது பின்னால் தெரிந்ததும் இந்தத் தண்ணீரும் புகைபோக்கிகளும்தான்.

ஒரு ஆறு ஒரு காகிதத்தில் ஓடுகிறது, இன்னொரு காகிதத்தில் ஓடவில்லை. இதற்கு சரிக்கட்டும் பட்டியல் போடுங்கள் பார்ப்போம். ஆறு நடுவில் எங்காவது போய்விட்டு வந்ததா? இல்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. ஆக, வித்தியாசம் ஆற்றில் இல்லை, பேனாவில் இருக்கிறது. பேனாவுக்கும் காரணம் வேண்டுமே! ஆறு இல்லையென்றால் ஆற்றில் மண் கொட்டினார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது. சாம்பல் கொட்டினார்கள் என்றும் போட முடியாது.

சாம்பல் கொட்டித்தான் இருந்தார்கள். அனல்மின் நிலையத்துக் குழாய்கள் ஓட்டையாகி, வருஷக்கணக்கில் சாம்பல் குழம்பு கழிமுகத்தில் இறங்கியது. வலை போட்டால் சாம்பல் வரும். படகு தரைதட்டும். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது. காகிதத்தில் இல்லாத ஆற்றுக்கு நஷ்டம் நடந்ததாக ஒரு நீதிமன்றம் எழுதவேண்டிவந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து கச்சா எண்ணெய் வெள்ளத்தோடு கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. எண்ணெய்க்கு எந்த வரைபடமும் தெரியாது. ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே மிகச்சரியாகப் போய்ச் சேர்ந்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கருப்பாக அப்பியது. பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்பக் கணக்கு, படகுக் கணக்கு எடுத்தார்கள். நிவாரணப் பட்டியலில் ஆள் இருக்கிறார், படகு இருக்கிறது. கடற்கரை வரைபடத்தை விரித்தால்?

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் புதிய கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவுக்கு கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. 2019 அறிவிக்கைக்கான வரைபடம். மீனவர்கள் எழுந்து கேட்டது ஒரே கேள்வி. “எங்க ஊர் எங்க?” குப்பங்கள் விடுபட்டிருந்தன. படகு நிறுத்துகிற இடம், வலை காயப்போடுகிற இடம், மீன் குஞ்சு பொரிக்கிற இடம் குறிக்கப்படவில்லை. இத்தனைக்கும் சட்டப்படி குறித்தாக வேண்டும். கேட்டவர்களுக்கு மேடையிலிருந்து கிடைத்தது, “மனுவா எழுதிக் கொடுங்க.” தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவன், தான் அங்கே இருப்பதாக மனு எழுத வேண்டும்!

நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள், “வரைபடம்னா சின்னச் சின்னத் தப்பு இருக்கத்தான் செய்யும், திருத்திக்கலாம்.” தப்பு என்றால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் சார். ஒரு தடவையாவது துறைமுகத்தின் கிடங்கை மறந்துபோய் குப்பத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்களா? கல்லாவில் தினமும் பணம் குறைகிறது, ஒரு நாளும் கூடவில்லை என்றால், பி.காம். முதல் வருஷப் பையன்கூட அதைக் கூட்டல் பிழை என்று சொல்லமாட்டான்.

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது, காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர்களை இடம் மாற்றினார்கள். தாண் கோத்திரத்தார் தாங்களாக மூட்டை கட்டினார்கள். இவர்களை அனுப்பினார்கள். நாளைக்கு யாராவது பழைய மீன்பிடி உரிமையைக் கேட்டால், “நீங்க இந்த இடத்துல இல்லையே” என்று புது வரைபடத்தைக் காட்டலாம். அதில் எந்த முரண்பாடும் இருக்காது. பழையதை யாரோ பத்திரமாக வைத்திருந்தால்தான் முரண்பாடே தெரியும். 1996 வரைபடம் கிடைத்ததால்தான் 2017-ல் கேள்வி எழுந்தது. அது மட்டும் தொலைந்திருந்தால் எண்ணூரில் ஆறு இருந்தது என்பது மீனவர்கள் கட்டிவிட்ட கதை ஆகியிருக்கும்.

எனவே சர்க்காருக்கு என் யோசனை சாதாரணமானது. 1996 வரைபடத்தையும் அதற்குப் பின் வந்த ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாக ஒட்டி, எண்ணூர் பேருந்து நிலையத்திலும் மீன் ஏலக் கூடத்திலும் மாட்டுங்கள். எது எந்த வருஷம், எந்த அதிகாரி கையெழுத்து என்று கீழே எழுதுங்கள். முரண்பாடு இருந்தால் இருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

அடுத்த வரைபடம் போடுவதற்கு முன் யோசுவா 18-ம் அதிகாரத்தையும் படியுங்கள். பாக்கியிருந்த ஏழு கோத்திரத்துக்கு நிலம் பிரிக்குமுன் அவர் ஒரு வேலை செய்தார். கோத்திரத்துக்கு மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து, தேசம் முழுக்க நடந்து பார்த்து, ஊர் ஊராக எழுதி வரச் சொன்னார். வாழப்போகிறவர்களே சர்வேயர்கள்! அதே மாதிரி குப்பத்துக்கு மூன்று பேர் போதும். எந்தப் பாட்டுக்கு என்ன பெயர், எந்த மாசம் எங்கே இறால், சாம்பல் வருவதற்கு முன் எத்தனை ஆழம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். என்ன, அதிகாரிகள் விடியற்காலை நாலு மணிக்கு முகத்துவாரத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்கு மேல் ஜீப் போகாது, படகுதான்.